திட்டுத் திட்டாக இல்லாமல் டயர் பாலிஷ்

கார் கழுவி முடித்ததும் கடைசியாக டயருக்குப் பாலிஷ் போடுவார்கள். வாட்டர் வாஷ் கடைகளில் இது அரை நிமிட வேலை. ஸ்பிரே பாட்டிலை எடுத்து நான்கு சக்கரத்துக்கும் ஒரு சுற்று அடித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்போதைக்கு டயர் பளபளவென்று இருக்கும். வீடு வந்து இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பல், எழுத்துகளின் இடுக்கில் பிசுபிசுப்பு. ஒருமுறை என் வெள்ளைக் காரின் முன்கதவில், கீழ்ப்பகுதி முழுக்கக் கடுகு வெடித்துத் தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அன்றிலிருந்து இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

சில வருடங்களாகச் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இது: பாலிஷ் ஒரே சீராகப் படிவதற்குப் பூசுகிற கைப்பக்குவம் கொஞ்சம்தான் காரணம். பூசுவதற்கு முன்பு எவ்வளவு தேய்த்துக் கழுவினோம், பூசிய பிறகு எவ்வளவு துடைத்து எடுத்தோம் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது.

முதலில் டயர் ஏன் பழுப்பு நிறமாகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரப்பர் பால் வெள்ளை நிறம். ஆரம்பகால டயர்களும் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. மிச்செலின் நிறுவனத்தின் டயர் மனிதன் 1898-இல் பிறந்தபோது வெள்ளையாக இருந்ததற்கு அதுவே காரணம். ரப்பரில் கார்பன் கரித்தூளைக் கலந்தால் அது பல மடங்கு உழைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் டயர் கறுப்பானது. அந்தக் கரித்தூள் வெயிலின் புறஊதாக் கதிரையும் தாங்கிக்கொள்கிறது. ஆனால் காற்றில் இருக்கும் ஓசோனை அதனால் தடுக்க முடியாது. ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். அதற்காகவே ஒருவகை மெழுகையும், ஓசோனைத் தடுக்கும் ரசாயனத்தையும் டயருக்குள் கலந்து வைக்கிறார்கள். வண்டி ஓடி டயர் மடங்கி நிமிரும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகின்றன. மேலே வந்து காற்றோடு சேர்ந்ததும் பழுப்பு நிறம் எடுக்கும். ஆக, நாம் அழுக்கு என்று நினைக்கிற அந்தப் பழுப்பில் ஒரு பங்கு, டயர் தன்னைக் காத்துக்கொள்ள வெளியே தள்ளியது.

இந்தப் பழுப்புப் படலம், ரோட்டுப் புழுதி, போன மாதம் பூசிய பாலிஷின் மிச்சம் எல்லாம் டயரின் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் கனமாக, ஓரிடத்தில் லேசாக. அதன்மேல் பாலிஷ் போட்டால் அதுவும் அப்படியேதான் படியும். எனவே கெட்டியான நைலான் பிரஷ்ஷும் நுரை வரும் கிளீனரும் எடுத்து நன்றாகத் தேய்க்க வேண்டும். முதல் தடவை தேய்க்கும்போது வருகிற நுரையைப் பாருங்கள், காபி டிகாஷன் நிறத்தில் வழியும். தண்ணீர் ஊற்றிவிட்டு இரண்டாம் தடவை தேய்த்தால் வெளிர்ப் பழுப்பு. மூன்றாம் தடவையில் பெரும்பாலும் வெள்ளை நுரை வந்துவிடும். வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. புது டயர் என்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவிய பூச்சு அதன்மேல் இருக்கும், பாலிஷ் அதில் பிடிக்காது.

பிறகு காய வேண்டும். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், எழுத்துகளின் ஓரத்திலும் ரிம்மும் டயரும் சேரும் இடுக்கிலும் தண்ணீர் நிற்கும். ஈரமான தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்தால் எண்ணெய் ஒதுங்கி ஒதுங்கி நிற்கும் அல்லவா, அதே கதைதான் இங்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிழலில் இருபது நிமிடமாவது விடுங்கள். வெயிலில் வேண்டாம். சூடான டயரில் பாலிஷ் பரவுவதற்குள் காய்ந்து கோடு விழும். காலை வேளைதான் இதற்குத் தோது.

கடையில் கிடைக்கும் பாலிஷ் இரண்டு வகை. பால் போல வெள்ளையாக இருப்பது தண்ணீரில் கலந்த சிலிக்கோன். கண்ணாடி போலத் தெளிவாக, பெட்ரோல் வாடையோடு இருப்பது கரைப்பானில் கலந்தது. இரண்டாவது அதிகம் மின்னும், மழைக்கும் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெட்ரோலியக் கரைப்பானுக்கு ரப்பர் ஆகாது. மினுமினுப்பு குறைவாக இருந்தாலும் பால் நிறத்தையே நான் வாங்குகிறேன். டீசலோ பழைய ஆயிலோ தடவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் ஊறினால் ரப்பர் உப்பி, தன் உறுதியை இழக்கும்.

பூசும்போது பாலிஷை டயர்மேல் ஸ்பிரே செய்யாமல் ஸ்பாஞ்சில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஸ்பிரே அடித்தால் அலாய் வீலின் சந்து வழியாக பிரேக் டிஸ்க்கில் படும். பிரேக்கில் வழுக்கும் பொருள் படுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒரு டயருக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் போதும். டயரைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு பன்னிரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஆறு என்று கால் பங்கு கால் பங்காகப் போனால் விட்டுப்போகாது. தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை வைத்துத் தேய்க்கிற அதே அழுத்தம், அதே மெல்லிய பூச்சு. எழுத்துகள் இருக்கும் இடத்தில் ஸ்பாஞ்சு மேட்டைத் தொட்டுவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். அங்கே ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பரப்ப வேண்டும்.

முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்தால் டயர் வெளியே வந்து கைக்கு எட்டும். தரையை ஒட்டிய பகுதி எப்படியும் சரியாகப் படாது. சிறிய கார்களின் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். வண்டியை ஒரு மீட்டர் நகர்த்தி நிறுத்தினால் கீழே இருந்த பகுதி மேலே வந்துவிடும். விட்ட இடத்தை அப்போது நிரப்பலாம்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட்டு, பழைய பனியன் துணியால் சுற்றி வரத் துடையுங்கள். பூசியதையே துடைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். ரப்பர் தனக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டிருக்கும், மேலே நிற்பது எல்லாம் உபரி. என் கதவில் தெறித்ததும் அந்த உபரிதான். 185/65 ஆர்15 அளவு டயர், 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு எட்டரைச் சுற்று சுற்றும். அப்போது அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் துளியை வெளியே இழுக்கும் விசை, அந்தத் துளியின் எடையைப் போல எழுபது எண்பது மடங்கு. துடைத்த டயரில் விரலை வைத்தால் கறுப்பு ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னொரு முறை துடையுங்கள். இந்தத் துடைப்பில்தான் திட்டுகளும் கலைந்து, ஈரமான மினுமினுப்பு அடங்கி, புது டயரின் கருமை வரும். எனக்குப் பிடித்த நிறம் அதுதான்.

தரையில் படும் பட்டன் பக்கம் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பைக், ஸ்கூட்டர் டயருக்கு இந்தப் பாலிஷே வேண்டாம். வளைவில் வண்டி சாயும்போது டயரின் ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கிறது, அங்கே வழுக்கினால் ஆள் கீழே.

பாலிஷ் போட்டால் டயர் நாள்பட உழைக்கும் என்று சொல்லி விற்பார்கள். ஏற்கெனவே விழுந்த வெடிப்பை அது மறைக்குமே தவிர அடைக்காது. அதிகம் ஓடாமல் நின்றே கிடக்கும் வண்டியின் டயரில் மெழுகு மேலே வர வழியில்லை, வெடிப்பு சீக்கிரம் வரும். பழைய கார் வாங்கப் போகும்போது டயர் கன்னங்கரேலென்று மின்னினால், ஒரு துணியால் அதைத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டைக் கூர்ந்து பாருங்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அந்த எண்ணைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பாலிஷ் போட்ட அன்று முதல் ஓட்டம் முடிந்ததும் சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியை ஒரு ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பது என் வழக்கம். புள்ளி இருந்தால் அன்றே ஷாம்பூ போட்டுக் கழுவிவிடுவேன். சிலிக்கோன் தங்கிய இடத்தில் பின்னாளில் டச்சப் செய்ய நேர்ந்தால் பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். பெயின்டர்கள் தங்கள் ஷெட்டுக்குள் இந்தப் பாட்டிலையே வர விடுவதில்லை.