மண்ணுக்கடியில் – 9: நரிவெங்காயம்

நரிவெங்காயம் இலையில்லாமல் பூக்கும் செடி. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும், வறண்ட சரளைத் தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு மொட்டைத் தண்டு எழும். முழங்கால் உயரத்தில் அதன் மேல்பாதி நெடுகப் பூக்கள் தள்ளித் தள்ளித் தொங்கும். நிறம் மங்கலான பழுப்பு, பச்சையும் கலந்திருக்கும். ஒரு பூவின் ஆயுள் சில மணி நேரம்தான். காய் வெடித்துத் தட்டையான கரிய விதைகள் சிதறி, தண்டும் காய்ந்து விழுந்த பிறகே நீண்ட பட்டை இலைகள் தலைகாட்டும். அவை மழைக்காலம் முழுக்க வெயிலை உண்டு, அடுத்த கோடைப் பூவுக்கான சேமிப்பைக் கிழங்கில் நிரப்பிவிட்டு மடியும். பூவும் இலையும் சந்திப்பதில்லை.

வெங்காயம் என்ற பெயர் பொருத்தமானதே. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் சதைப்பற்றுள்ள அடுக்குகள் தெரியும். ‘நரி’ என்பது நரிப்பயறில் வருவதைப் போன்ற அடைமொழி. வீட்டுப் பயிரின் சாயலில் காட்டில் கிடப்பதைக் குறிக்கிறது.

தாவரவியலில் இது ஐரிஸ் குடும்பத்தின் தாயாதி. இரண்டும் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனப்பெயரைக் கொண்ட ‘அஸ்பராகேல்ஸ்’ வரிசையில் அடங்குபவை. ஐரிஸ் குடும்பத்தின் பெரும் செழிப்பு தென்னாப்பிரிக்காவில். திருச்சிவாசிகள் அக்குடும்பத்தைப் பார்ப்பது பூங்கொத்தில் செருகிய கிளாடியோலஸிலும், காஷ்மீரின் பாம்பூரிலிருந்து வரும் குங்குமப்பூவிலும்தான். அந்த இரண்டின் கிழங்கையும் வெட்டினால் அடுக்கு இருக்காது. சேப்பங்கிழங்கைப் போலக் கட்டியாக இருக்கும். கிழங்கை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது, ஐரிஸ்களிலேயே சிலவற்றுக்கு அடுக்குக் கிழங்கு உண்டு. பூவைப் பார்ப்பதே நிச்சயம்: ஐரிஸ் குடும்பத்தில் மகரந்தத் தாள்கள் மூன்று, சூலகம் இதழ்களுக்குக் கீழே; நரிவெங்காயத்தில் தாள்கள் ஆறு, சூலகம் இதழ்களுக்கு மேலே.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தின் வண்டல் இதற்கு ஒத்துவராது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பாசனம் எட்டாத மேட்டு நிலம், சரளைப் பொட்டல், பாறை இடுக்கு ஆகியவையே இதன் இடங்கள். ஸ்ரீரங்கம் பூக்கடைகளில் மணக்கும் சம்பங்கியும் இதே வரிசையைச் சேர்ந்த கிழங்குச் செடிதான். மெக்சிகோவிலிருந்து வந்த அதற்குத் தினமும் விலை சொல்கிறார்கள். உள்ளூர்க்காரனான நரிவெங்காயத்தை ஆடுகூடச் சீண்டுவதில்லை.

சீண்டாததற்குக் காரணம் உண்டு. கிழங்குச் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தோலில் பட்டால் அரிப்பெடுக்கும். அதைவிடக் கடுமையானவை ‘பூஃபாடையினோலைடு’ வகை நச்சுகள். தேரையின் நஞ்சிலும் இவ்வகைப் பொருள்கள் உண்டு. இதயத் தசை அணுக்களில் சோடியத்தை வெளியே தள்ளும் ஏற்பாட்டை இவை முடக்குகின்றன. அதனால் அணுவுக்குள் கால்சியம் கூடி, துடிப்பு வலுக்கிறது. அளவு சற்று மீறினால் அதே துடிப்பு தாறுமாறாகி உயிரைப் பறிக்கும். ஆங்கிலேயர் காலத்து மருந்தகங்களில், மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த இதன் உறவுக் கிழங்குக்கு மாற்றாக நரிவெங்காய வில்லைகள் காய வைத்து விற்கப்பட்டன. சளியை இளக்கும் மருந்துகளில் சேர்ந்தன. வீட்டில் இடித்துக் குடித்துப் பார்க்கத் தக்க சரக்கல்ல இது.

வில்லியம் ராக்ஸ்பர்கின் நூலில் 1832இல் ‘சில்லா இண்டிகா’ என அச்சேறிய செடி, பின்னர் ‘அர்ஜினியா’வாகி, இன்று ‘டிரிமியா இண்டிகா’ ஆகியிருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மாத்யூ அடிகளார் 1967இல் நிறுவிய ராபினாட் தாவரக் கூடம், தமிழகத் தாவரங்களை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம். இத்தகைய கூடங்களுக்கு நரிவெங்காயம் தொல்லை பிடித்த செடி. கிழங்கை முழுதாக அழுத்தி வைத்தால் காயாது, தாளுக்குள்ளேயே முளை விடவும் கூடும். அதனால் பிளந்தே வைக்க வேண்டும். பூவும் இலையும் சேர்ந்து கிடைக்காததால், முழு மாதிரி வேண்டுவோர் கோடையில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் அதே பொட்டலுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.