உருவம் ஒன்று, உணவு வேறு

உயிர்களை இனம் பிரிக்கப் பழகும் நாம், முதலில் உருவத்தைத்தான் பார்க்கிறோம். இறக்கை எப்படி, உணர்கொம்பில் கணுக்கள் எத்தனை என்று எண்ணுகிறோம். ஆனால், உருவத்தில் வேற்றுமையே காட்டாத பூச்சிகளை எவ்வாறு பிரிப்பது? பிரிக்கத் தவறினால் வரும் கேடு யாது? திராட்சைக் கொடியின் வரலாறு இதற்கு விடை கூறும்.

'பிலாக்சரா' என்பது அசுவுணிக்கு நெருங்கிய உறவான பூச்சி. நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வேரில் வாழும் பெண், ஆணின் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். இதன் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்குள்ள காட்டுத் திராட்சைகள் பல, பூச்சி குத்திய இடத்தைத் தக்கை போன்ற திசுவால் அடைத்துக்கொள்ளும். ஐரோப்பியத் திராட்சைக்கோ அத்தகைய காப்பு இல்லை. வேர் வீங்கும், பூஞ்சை புகும், வேர் அழுகிக் கொடி மாளும்.

1860-களில் இப்பூச்சி பிரான்சின் தோட்டங்களைச் சூறையாடியது. 1868-இல் பிளாஞ்சோன் முதலியோர் வேர்களில் இதனைக் கண்டறிந்தனர். இறுதியில், அமெரிக்க வேரின்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் முறையே திராட்சையைக் காப்பாற்றியது.

ஆனால், ஒட்டுவதற்கு எடுத்த வேர்கள் எல்லாம் ஒரே திறமுடையவை அல்ல. 'ஏ.எக்ஸ்.ஆர். 1' என்பது ஐரோப்பியத் திராட்சைக்கும் அமெரிக்கத் திராட்சைக்கும் பிறந்த கலப்பு. நன்கு ஒட்டும், நிறையக் காய்க்கும். ஆகவே கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இதனை நட்டனர். வேறு நாடுகளில் இவ்வேர் பிலாக்சராவுக்குத் தோற்றிருந்தது. எனினும், கலிபோர்னியாவில் பல்லாண்டுகள் தாங்கி நின்றதால் எச்சரிக்கை எடுபடவில்லை.

1980-களில் நாபாப் பள்ளத்தாக்கில் அவ்வேரில் நின்ற கொடிகள் வாடத் தொடங்கின. தோண்டிப் பார்த்தால் அதே பூச்சி! உருப்பெருக்கியில் வைத்தாலும் பழைய பூச்சிக்கும் இதற்கும் வேற்றுமை தெரியவில்லை. அப்படியாயின் வேற்றுமை எதில்? உணவில்!

ஆய்வாளர் வேர்த்துண்டுகளைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து, அவற்றின்மீது முட்டைகளை இட்டனர். எத்தனை குஞ்சுகள் பிழைத்தன, எத்தனை நாளில் வளர்ந்தன, எத்தனை முட்டையிட்டன என்று கணக்கிட்டனர். ஐரோப்பிய வேரில் செழித்து, ஏ.எக்ஸ்.ஆர். 1-இல் நலிந்ததை 'ஏ' வகை என்றனர். இரண்டிலும் செழித்ததை 'பி' வகை என்றனர். 1985-இல் இது வெளியாயிற்று. அதன்பின் தோட்டக்காரர்கள் கொடிகளைப் பிடுங்கி, வேறு வேர்களில் புதிதாக நட வேண்டியதாயிற்று. பெருஞ்செல்வம் மண்ணோடு போயிற்று.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 'பி' வகை என்பது ஒரு குடும்பப் பெயரன்று. மரபணுவை ஆராய்ந்தபோது, 'பி' எனப்பட்ட பூச்சிகள் ஒரே தாய்வழியில் வந்தவையாகத் தோன்றவில்லை. ஒரே வேரை உண்ணும் திறம் பல வழிகளில் தனித்தனியே தோன்றியிருக்கலாம். ஆகவே 'பி' என்பது பூச்சி என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. ஆஸ்திரேலியாவிலோ மரபணுவைக் கொண்டு எண்பதுக்கும் மேற்பட்ட வழிகளைப் பிரித்து எண்ணிட்டுள்ளனர். அது பிறப்பைச் சொல்லும். எந்த வேரை அழிக்கும் என்பதைத் தனியே சோதித்தே அறிய வேண்டும்.

இருவகைப் பகுப்பும் தேவையே. பூச்சி எவ்வழியாகப் பரவியது என்று துப்பறிவோனுக்கு மரபணு வேண்டும். நாளை எந்த வேரை நடுவது என்று கேட்கும் உழவனுக்கு உணவுச் சோதனை வேண்டும். ஒன்றிற்குரிய விடையை மற்றொன்றிற்குக் கொடுத்தால் தோட்டம் தாங்காது. நாம் ஓர் உயிருக்குப் பெயரிடுமுன், அப்பெயர் எந்தக் கேள்விக்கு விடை என்பதைக் கேட்டுக்கொள்வது நன்று.