சைக்கிள் பயணிகளும் பதநீர்ச் சங்கங்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இளைஞர்களில் சிலர், விடுமுறை நாட்களில் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். வழியில் கலப்படமில்லாத பதநீர் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வி பயணிகளின் தாகத்தைப் பற்றியது மட்டுமன்று. பனை ஏறுவோரின் பிழைப்பும் இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகையால், பயணி உற்பத்தியாளரை எவ்வாறு தேடிக் கண்டுகொள்வது என்பதையும், உற்பத்தியாளர் சங்கம் பயணியின் கண்ணுக்கு எவ்வாறு புலப்படுவது என்பதையும் ஒருங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மேனாட்டு வழக்கம்

பிரான்சு தேசத்தின் நார்மண்டிப் பகுதியில் குடியானவர்கள் ஆப்பிள் பழச்சாற்றைப் புளிக்கவைத்து ‘சீடர்’ என்னும் பானம் தயாரிக்கிறார்கள். அங்கே கம்ப்ரமேர் என்ற சிற்றூரைச் சுற்றி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்குச் ‘சீடர் வழி’ ஒன்று உண்டு. சுவை பார்க்கும் குழுவினர் தேர்ந்தெடுத்த பண்ணைகள் மட்டுமே அவ்வூரின் பெயர் தாங்கிய பலகையை வாசலில் வைக்கலாம். சைக்கிளில் வருபவர் பலகையைக் கண்டு இறங்குகிறார், செய்தவரிடமே வாங்குகிறார். ஆஸ்திரியாவிலோ, பண்ணை வாசலில் பசுந்தழைக் கொத்துத் தொங்கினால் இன்று விற்பனை உண்டு என்று பொருள்.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது பானத்தையன்று, அடையாளத்தை. செய்தவர் யார், எங்கே இருக்கிறார், இன்று சரக்கு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு பலகையோ ஒரு தழைக்கொத்தோ விடை கூறிவிடுகிறது.

பதநீரும் கள்ளும்

நம் நாட்டில் ஆப்பிளின் இடத்தில் பனை நிற்கிறது. பனம்பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால் சாறு சொட்டும். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் இச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றினால் அது கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிப்பு தடைப்படுகிறது, இறங்குவது பதநீர். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே. இரண்டையும் பிரிப்பது ஒரு கைச் சுண்ணாம்பு.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஒட்டியே நிற்கிறது. 1937-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1971-இல் தளர்த்தப்பட்டு 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் கள்ளும் சாராயமும் திரும்ப அனுமதிக்கப்பட்டன. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு தவறினால் தொழிலாளி சட்டத்தின் பிடியில் அகப்படுவார். ஆகையால் சுண்ணாம்பு அவருக்குச் சுவையின் பாதுகாப்பு மட்டுமன்று. பிழைப்பின் பாதுகாப்பும் ஆகும்.

எங்கே, எப்பொழுது தேடுவது

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் சென்று ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் வழியாக விக்கிரவாண்டியை அடையலாம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழக்கமில்லாதவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நலம். பெருஞ்சாலையில் லாரிகள் மிகுதி. பனையும் பெருஞ்சாலை ஓரத்தைவிட ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலுமே நிற்கிறது. எனவே கிராமச் சாலைகளில் திரும்புவதே இரு வகையிலும் பொருத்தம். விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர்ப் பகுதி பனைத் தொழிலுக்குப் பேர் பெற்றது.

பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை, இடத்துக்கு இடம் முன்பின்னாக நடக்கும். சித்திரை, வைகாசி உச்ச காலம். ஐப்பசியில் ‘பதநீர்’ என்று ஒருவர் விற்றால், அது எம்மரத்தில் இறங்கியது என்று கேட்டுவிடுவது நல்லது. நேரம் விடியற்காலை முதல் ஒன்பது மணி வரை. அதற்குப் பின் விற்காமல் நின்ற பதநீர் அடுப்புக்குப் போய்விடும்.

ஏறும் மரத்தைத் தொலைவிலிருந்தே அறியலாம். உச்சியில் கட்டிய பாளைகளில் கலயங்கள் தொங்கும். நாள்தோறும் கால் உரசி அடிமரம் வழுவழுப்பாக இருக்கும். அருகில் காய்ச்சும் கொட்டகையின் புகை எழும். அங்கே சைக்கிளை நிறுத்தினால் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள்.

அசலை அறிவது

புதிய பதநீரில் சுண்ணாம்பின் மெல்லிய வாடையும் பாளையின் மணமும் இருக்கும், நுரைத்துப் பொங்காது. புளித்து நுரைப்பது கெட்டுவிட்டதற்கு அடையாளம். சாக்கரின் கலந்த நீர் குடித்தபின் நாவில் கசப்பை நிறுத்தும். ஆயினும் நாவின் சோதனை எல்லோருக்கும் கைவராது. பனை வெல்லத்தில் சீனியைச் சேர்த்துக் காய்ச்சினால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இன்னார் இறக்கியது, இன்ன நாள் காய்ச்சியது என்று சொல்லத்தக்க சரக்கே நம்பத்தக்கது. அதைச் சொல்லக்கூடிய அமைப்பு சங்கம்.

இது நெசவாளர் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விலைபோகும்பொழுது நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமா? தறியில் அமர்ந்தவருக்கும் அன்றோ? அதனால்தான் 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023-இல் அக்குறியீட்டைப் பெற்றிருக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது

சாற்றில் நூற்றுக்கு 12 பங்கு சர்க்கரை என்றால், ஒரு கிலோ வெல்லத்துக்கு எட்டு லிட்டர் அளவு பதநீர் வேண்டும். அந்த எட்டு லிட்டருக்காகத் தொழிலாளி காலையும் மாலையும் பல மரங்கள் ஏறி இறங்குகிறார். அவர் வீட்டுப் பெண்கள் மணிக்கணக்காக அடுப்பின் முன் நிற்கிறார்கள். விறகுச் செலவு தனி. விடியற்காலையில் பயணி ஒருவர் வந்து பதநீராகவே குடித்துச் சென்றால் விறகும் மிச்சம், அடுப்படி உழைப்பும் மிச்சம், பணமும் அன்றே கைக்கு வருகிறது. முன்பணம் கொடுத்துச் சரக்கைக் கட்டிப்போடும் வியாபாரியிடமிருந்து விடுபட இவ்வன்றாடக் காசு பெரிதும் உதவும்.

இவ்வருமானம் இல்லையேல் மரம் ஏற அடுத்த தலைமுறை முன்வராது. ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போகும். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் 2021-இல் அரசு அறிவித்தது. நட்ட விதை பாளை விடப் பல ஆண்டுகள் ஆகும். அன்று ஏறத் தெரிந்தவர் இருக்கவேண்டுமே!

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, பெருஞ்சாலையிலிருந்து கிராமச் சாலை பிரியும் இடத்தில் சங்கத்தின் பெயர், பருவம், நேரம், தூரம் ஆகியவற்றைக் குறித்துப் பலகை நாட்டலாம். அன்று பதநீர் உண்டு என்பதற்குப் பச்சைப் பனையோலை ஒன்றைக் கட்டி வைத்தால் போதும்.

இரண்டாவது, அளவும் விலையும் எழுதி வைத்தல் வேண்டும். பயணிக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்பது கூடாது.

மூன்றாவது, சுத்தம். கலயத்தின் வாயை மூடி வைப்பதும் துணியில் வடிகட்டுவதும் அவசியம். பங்களாதேஷில் மூடாத கலயங்களில் வௌவால் வாய் வைத்த ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிப்பா நோய் பரவியதை நாம் மறக்கலாகாது.

நான்காவது, வெல்லம் ஒவ்வொன்றுக்கும் ரசீது. ரசீதில் காய்ச்சிய நாளும் அங்கத்தினர் எண்ணும். பதநீர் பயணத்தைத் தாங்காது; வெல்லம் தாங்கும். ரசீதோடு வீடு சேர்ந்த வெல்லம் அடுத்த பருவத்துக்கும் வாங்குபவரை அழைத்து வரும்.

ஐந்தாவது, நெசவாளர் சங்க விற்பனை நிலையங்களும் தொழிற்பேட்டைகளின் சிற்றுண்டிச் சாலைகளும் பனை வெல்லத்தை நேரடியாகக் கொள்முதல் செய்யலாம். இதற்குத் துணைவிதியில் இடமுண்டா என்பதை நிர்வாகக் குழு முதலில் பார்த்து, இல்லையெனில் முறைப்படி திருத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும்.

இவற்றில் பெருமுதல் வேண்டுவது எதுவுமில்லை. ஒரு பலகை, ஒரு ரசீதுப் புத்தகம், கலயங்களுக்கு மூடி ஆகியவை போதும். நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் நம் காஞ்சிபுரத்திலேயே பதிவாயிற்று. முன்பின் அறியாதவரும் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்து வாங்குவதற்கு அன்று ஒரு பெயர் பயன்பட்டது. சாலையோரத்தில் சைக்கிளை நிறுத்தும் பயணிக்கும் பனைமரத்தின் உச்சியில் இருக்கும் தொழிலாளிக்கும் இடையே அதே நம்பிக்கையை உண்டாக்குவது இன்றைய சங்கங்களின் கடமை. வருகிற தை பிறப்பதற்குள் பலகைகள் நாட்டப்படுமாக.