குதிகால் வலி: தேய்ப்பதா, அழுத்துவதா, இழுப்பதா?

நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், விலைவாசிக்கும் வரிக்கும் அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது கால் வலிதான். அதிலும் குதிகால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுள்ளென்று குத்தும். பத்து அடி நடந்தால் குறையும். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு மாலையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். படிக்கும்போதே தலையாட்டும் நண்பர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

செங்கல்பட்டில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் வரை சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறேன். நாற்பது வருடம் மண்டியின் சிமெண்டுத் தரையில் நின்ற கால் இது. வலது குதிகாலில் பதினான்கு மாதம் வலியை அனுபவித்தேன். அந்தப் பதினான்கு மாதத்தில் என் காலைப் பிடித்த கைகள் நான்கு விதம். அவற்றில் எது உதவியது, எது பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது என்பதை வணிக நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. சரக்கை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, விரல்களின் வேர் வரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை போகிறது. வில்லுக்கு நாண் போல, உள்ளங்காலின் வளைவைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்க நிற்பதாலும், உடல் எடையாலும், கெண்டைக்கால் தசை இறுகிப் போவதாலும், அது எலும்போடு சேரும் இடத்தில் நைந்து போகிறது. ஆங்கில மருத்துவர்கள் இதைப் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். சித்த மருத்துவத்தில் குதிகால் வாதம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் போல வளர்ந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

நான் முதலில் போனது எண்ணெய் தேய்த்து விடுபவரிடம். தேய்ப்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். முறையாகக் கற்றவர்கள் செய்தால் அதன் கதையே வேறு. எனக்குக் கிடைத்தவர் முழங்காலுக்குக் கீழே சூடான எண்ணெய் விட்டு உருவினார். சுகமாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை முதல் அடியில் அதே குத்தல்.

அடுத்தவர் ‘வலி இருக்கிற இடத்தில்தான் முதலாளி வேரை அறுக்கணும்’ என்று சொல்லி, குதிகாலின் அடியில் கட்டைவிரலை வைத்து முழு பலத்தோடு அழுத்தித் தேய்த்தார். பத்து நாள் இந்தச் சிகிச்சை. ஐந்தாம் நாளே கால் வீங்கிவிட்டது. நைந்து போன நாரை மேலும் நசுக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மண்டிக்கு மூன்று நாள் போக முடியாமல் நவராத்திரி வியாபாரம் கெட்டதுதான் மிச்சம்.

இதற்கிடையில் மாமல்லபுரம் கடற்கரையில் தினமும் வெறுங்காலில் நடந்தால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்ல, அதையும் செய்தேன். நனையாத மணலில் குதிகால் புதைந்து, அடி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நார் இழுபட்டது. திருக்கழுக்குன்றம் மலையின் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை வெறுங்காலில் ஏறி இறங்கிய வாரத்தில் பட்ட பாட்டைவிட இது மோசம்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். அவர் குதிகாலைத் தொடவே இல்லை. கெண்டைக்கால் தசையில் விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினார். உயிர் போகிற வலி. ‘ஐயா, உங்கள் குதிகால் வலிக்கு இங்கே ஒரு பங்கு இருக்கிறது’ என்றார். பிறகு கணுக்கால் மூட்டைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் தளர்த்தினார். பாதத்தை மேலே மடக்கினால் எவ்வளவு தூரம் வருகிறது என்று இரண்டு காலிலும் பார்த்தார். வலதுகால் பாதி தூரமே வந்தது. கெண்டைக்கால் இறுகி, கணுக்கால் மடங்காதபோது, நடையின் பாரமெல்லாம் உள்ளங்கால் நாரின் மேல் விழுகிறது என்று விளக்கினார். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

அவர் செய்த இரண்டும் சோதித்துப் பார்க்கப்பட்டவை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு நீட்டிப் பயிற்சி மட்டும் செய்தது. மற்றது பயிற்சியோடு கெண்டைக்கால் முடிச்சுகளை அழுத்தும் சிகிச்சையும் பெற்றது. ஒரு மாதத்தில் இரண்டாவது பிரிவுக்கே அதிகப் பலன். 2009இல் வெளியான இன்னொன்றில், மூட்டையும் தசையையும் கையால் தளர்த்திப் பயிற்சி கொடுத்ததையும், மின்கருவிச் சிகிச்சையோடு பயிற்சி கொடுத்ததையும் ஒப்பிட்டார்கள். இதிலும் 60 பேர். கை வைத்தவர்களுக்கு நடமாட்டம் ஆறு மாதம் கழித்தும் மேலாகவே இருந்தது. வலியில் இருந்த முன்னிலை மட்டும் நான்கு வாரத்துக்குப் பின் மங்கிப் போனது. தசையின் மேலுறையை மெதுவாக இழுத்து விடும் முறையைப் பற்றிக் கேரளத்தில் 66 பேரிடம் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் எதிர்ப் பிரிவுக்குக் கொடுத்தது அலையே வராத பொய்க் கருவி. நல்ல அரிசி மூட்டையை வெறும் சாக்கோடு வைத்து எடை போட்ட மாதிரி என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்றைக் கவனித்தேன். பெரும்பாலும் கை போனது கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும். முதல் இரண்டு ஆய்வுகளிலும் கூடவே நோயாளி தானே பயிற்சி செய்தார். வெறும் கைச் சிகிச்சைக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் வலி திரும்பிவிடும். அந்தப் பெண் என்னை ஆறு முறைக்கு மேல் வரச் சொல்லவில்லை. பத்து, இருபது என்று முன்பணம் கேட்கிற இடத்தில் நாம் யோசிக்க வேண்டும். வர்மம், தொக்கணம் பார்க்க விரும்புகிறவர்கள் நம் மாவட்டத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகலாம். கற்றவர்கள் கையில் காலைக் கொடுங்கள் என்பதே நான் சொல்வது.

பயிற்சி இதுதான். காலையில் தரையில் கால் வைக்கும் முன், கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். உள்ளங்காலில் நார் கம்பி போல விறைக்கும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை. இப்படி நாளைக்கு மூன்று வேளை. கடையில் சுவரைப் பிடித்து நின்று, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை நீட்டலாம். எனக்கு மூன்றாம் வாரம் வித்தியாசம் தெரிந்தது. நான்காம் மாதம் வலியே மறந்தது.

நிற்க. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை போட்டு, அதன் மேல் குதிகாலை வைத்து ஒற்றுவது நம் வீடுகளில் வழக்கம். கடற்கரைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் என் நண்பர் அப்படித்தான் செய்தார். அவருக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை. சூடு தெரியவே இல்லை. தெரிந்தது மறுநாள் தோல் உரிந்தபோதுதான். புண் ஆற நான்கு மாதம். கடையை அவர் மனைவி நடத்தினார். ‘அண்ணாச்சி, வலி தெரிகிற கால்தான் நல்ல கால்’ என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒரு விநாடி மெதுவாகத் தொடட்டும். ஆறில் இரண்டு தெரியாமல் போனால் சூடும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, காய்ச்சல், விழுந்தபின் வந்த வீக்கம், இளைஞர்களுக்கு இரண்டு குதிகாலிலும் வலியும் காலையில் முதுகு விறைப்பும், இவையும் அப்படியே.

உணர்ச்சியற்ற கால்களைப் பற்றி நம் ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு. திருமணியில் உள்ள தொழுநோய்ப் போதனை, ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. இன்று குதிகால் வலிக்காக நாம் வாங்கும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளின் கால்களுக்காக வந்ததுதான். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் அவர்களுக்குப் புண் வராமல் தடுக்கச் செய்த முயற்சிகளில், இந்த மெத்தென்ற ரப்பர் பயனுக்கு வந்தது. நானும் மண்டியில் அதைத்தான் போடுகிறேன். கல்லாவில் செருப்புப் போடக்கூடாது என்பவர்கள், தரையில் தடித்த ரப்பர் விரிப்பாவது போடலாம்.

இன்னொன்று. கல்லாவில் உட்காருகிற நமக்கே இந்த வலி என்றால், பொட்டலம் கட்டும் பையன்களுக்கு? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்து, வேலையாட்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாகிவிட்டது. கேரளம் 2018இலேயே செய்தது. நம்மவர்களில் சிலர் இதையும் ஒரு தொந்தரவாகப் பேசுகிறார்கள். வலியோடு நிற்கிறவன் எடை போடுவதிலும் தவறு செய்வான் என்பதை என் மண்டியில் பார்த்திருக்கிறேன். எடைமேடைக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி போட்டிருக்கிறேன். முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்கள்.