ரோமாபுரிக்குப் போகும் கூந்தல்

திருமலையில் அது காணிக்கை. ரோமில் அது அலங்காரம். 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய சுங்கப் பட்டியலும் இன்றைய ஆன்லைன் ஏலமும் சேர்ந்து சொல்லும் கதை.

திருமலையில் முடி இறக்கும் இடத்துக்குக் கல்யாணகட்டா என்று பெயர். இங்கே இரவு பகல் பேதம் கிடையாது. டோக்கனும் பிளேடும் வாங்கிக்கொண்டு வரிசை நகர்ந்தபடியே இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தவர்கள், வேலூரிலிருந்து சித்தூர் வழியாக பஸ் பிடித்தவர்கள், பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள் என்று தமிழ்க் குரல்களுக்குக் குறைவில்லை. நாவிதர் முன் உட்கார்ந்து, தலையை நனைத்துக் குனிந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பெண்களுக்குப் பெண் நாவிதர்களும் உண்டு. கட்டணம் கிடையாது.

இதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். இடையன் ஒருவனின் கோடரி பட்டு ஸ்ரீனிவாசனின் தலையில் ஓரிடத்தில் முடி போய்விட்டதாம். அதைப் பார்த்த நீலாதேவி தன் கூந்தலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தாளாம். பக்தர்கள் தரும் முடியெல்லாம் அவளுக்கே போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. ஏழுமலைகளில் ஒன்றான நீலாத்ரி அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பக்தரின் கணக்கு அத்துடன் தீர்ந்துவிடுகிறது. முடியின் பயணமோ அங்கேதான் தொடங்குகிறது. சேகரித்த முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரிக்கிறது. 31 அங்குலமும் அதற்கு மேலும் முதல் தரம். 16 முதல் 30 அங்குலம் வரை இரண்டாம் தரம். இப்படியே இறங்கி, 5 அங்குலத்துக்கும் குறைவானது ஐந்தாம் தரம். நரைமுடி தனி. 2011 முதல் ஆன்லைனில் ஏலம் நடக்கிறது. இதில் ஆண்டு வருமானம் 100 கோடி ரூபாயைத் தாண்டும்.

இவ்வளவு கிராக்கி ஏன்? முடி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்கு உண்டு. எல்லா இழைகளிலும் செதில்கள் ஒரே திசையில் இருந்தால்தான் சிக்கு விழாது. சீப்பில் உதிர்ந்து சேர்ந்த முடியில் இது சாத்தியமில்லை. ஒரே தலையிலிருந்து கற்றையாக இறங்கும் கோயில் முடியில் சாத்தியம். எனவே சீனா, ஐரோப்பா, அமெரிக்கா என்று அது பறக்கிறது. இத்தாலியில் ரோமுக்கு அருகே இயங்கிய ஒரு நிறுவனம், இந்தியக் கோயில் முடியின் நிறத்தை நீக்கி, வேறு நிறம் ஏற்றி, உலகெங்கும் அழகு நிலையங்களுக்கு அனுப்பியே பெயர் வாங்கியது.

இந்தியக் கூந்தல் ரோமுக்குப் போவது புதிதல்ல. கி.பி. 180க்குச் சற்று முன், மார்க்கஸ் அரேலியஸும் அவர் மகன் கொமோடஸும் ஆண்ட காலத்தில், எகிப்து வழியாக வரும் கீழைநாட்டுச் சரக்குகளுக்கு ஒரு சுங்கப் பட்டியல் இருந்தது. 533இல் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத் தொகுப்பில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. திப்பிலி, வெள்ளை மிளகு, இஞ்சி, தந்தம், முத்து, பட்டு, இந்தியச் சிங்கங்கள் என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசிச் சரக்கு: 'இந்திய முடி'. எந்த ஊர்த் தலைமுடி என்று பட்டியல் சொல்லவில்லை. அது மனித முடிதானா என்று சந்தேகப்படும் அறிஞர்களும் உண்டு. ஆனால் மனித முடிக்கு ரோமில் இருந்த தேவையில் சந்தேகம் இல்லை.

கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில், நெற்றிக்கு மேல் சுருள் சுருளாகக் கோபுரம் எழுப்புவதுதான் ரோமானியச் சீமாட்டிகளின் நாகரிகம். அன்றைய பளிங்குச் சிலைகளில் இதை இன்றும் பார்க்கலாம். சிகையலங்காரத்துக்கென்றே வீட்டில் அடிமைப் பெண் இருப்பாள். இந்த அலங்காரங்கள் எல்லாமே பொய்முடி என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரச் சிகையலங்காரக் கலைஞர் ஜேனட் ஸ்டீபன்ஸ், ஊசியும் நூலும் கொண்டு சொந்த முடியையே தைத்து இவற்றில் பலவற்றைச் செய்யலாம் என்று 2008இல் ஓர் ஆய்வு இதழில் எழுதினார். ஆனாலும் சொந்த முடி போதாதவர்களுக்குச் சந்தை இருந்தது. சாயம் போட்டே கூந்தலை இழந்த காதலியிடம், இனி ஜெர்மானியக் கைதிகளின் முடி உன்னைக் காப்பாற்றும் என்ற பொருளில் கேலியாகப் பாடினார் கவிஞர் ஓவிட். வென்ற நாட்டின் முடி, வென்றவர் வீட்டுப் பெண்ணின் தலையில்.

ஆண்களும் சளைத்தவர்கள் அல்ல. கி.மு. 300இல் சிசிலியிலிருந்து முதல் நாவிதர்கள் வந்ததாக ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நாவிதர் கடை ஊர்வம்பு பேசும் இடமாயிற்று, நம் சலூன்களைப் போலவே. வழுக்கையை மறைக்க ஜூலியஸ் சீசருக்கு வெற்றி மாலை கைகொடுத்தது. வழுக்கையான டொமிஷியன் சக்கரவர்த்தி கூந்தல் பராமரிப்பு பற்றி ஒரு நூலே எழுதினார்.

இதே ரோமானியர்கள் முடியைத் தெய்வத்துக்கும் கொடுத்தார்கள் என்பதுதான் திருமலைக்காரர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி. புயலில் சிக்கிய மாலுமிகள் முடியை நேர்ந்துகொள்வார்கள். பிழைத்துக் கரை சேர்ந்தால் மொட்டைத் தலையுடன் கதை சொல்வார்கள். நீரோ தன் முதல் தாடியை மழித்தபோது, முத்துப் பதித்த பொற்பேழையில் அதை வைத்து, காபிட்டல் குன்றின் மேல் இருந்த ஜூபிடருக்கு அர்ப்பணித்தான். வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகளின் கூந்தலைக் கொண்டுபோய் வைக்க ரோமில் ஒரு பழைய மரமே இருந்தது.

ஆக, ரோமில் இரண்டு வகை முடி இருந்தது. நேர்ந்து கொடுத்த முடி தெய்வத்திடமே தங்கியது. விற்பனைக்கு வந்த முடி கைதிகளிடமிருந்தும் தூர தேசங்களிலிருந்தும் வந்தது. ஒன்று மற்றொன்றாக மாறவில்லை. திருமலையிலோ காணிக்கையே சரக்காகிறது.

இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. திருமணமான வைதீக யூதப் பெண்கள் பலர் பொய்முடி அணிந்து தலையை மறைப்பது வழக்கம். திருப்பதி முடி அன்னிய தெய்வத்துக்குப் படைத்தது, ஆகவே ஆகாது என்று 2004இல் இஸ்ரேலின் மூத்த மதகுரு ஒருவர் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விலை உயர்ந்த பொய்முடிகள் எரிந்தன. நம் ஊரில் பலரும் வேறு மாதிரி சொல்வார்கள்: கொடுப்பது முடியை அல்ல, அகந்தையை. அது போன பிறகு தரையில் கிடப்பது வெறும் முடிதான். அதை விற்றுக் கோயில் காரியங்களுக்குச் செலவழித்தால் என்ன தவறு?

தவறு இல்லைதான். ஓவிட் காலத்துக் கைதியை யாரும் கேட்டுவிட்டு முடி எடுக்கவில்லை. திருமலைப் பக்தர் மனமுவந்து தருகிறார். ஆனால் மகன் பிழைத்ததற்காக இடுப்பு வரை நீண்ட பின்னலை இறக்கும் சித்தூர்க் கிராமத்துப் பெண்ணுக்கு, அது முதல் தரமா இரண்டாம் தரமா, எந்த நாட்டுக்குப் போகிறது, அந்தப் பணத்தில் என்ன நடக்கிறது என்பதை யாராவது சொல்கிறார்களா? ஏலத் தொகை பத்திரிகைகளில் வருகிறது. கல்யாணகட்டாவின் சுவரிலும் நாலு மொழியில் எழுதி வைத்தால் பக்திக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வெளியே, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் தரிசன வரிசையில் சேர்ந்துகொள்கின்றன. அங்கே யார் சீமாட்டி, யார் கூலிக்காரி என்று தலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரோமாபுரிக்குக் கடைசிவரை வாய்க்காத நாகரிகம் அது.