நிலத்துக்கு வேண்டாத வெளி இடுபொருள், வீட்டுக்கு மட்டும் எதற்கு?

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் போகிற பஸ், கல்லாறு தாண்டி வளைவு வளைவாக ஏறி பர்லியாரில் நிற்கும். டீ குடிக்க இறங்கியவர்கள் பலாச்சுளையோ மங்குஸ்தானோ வாங்கிக்கொண்டு திரும்பவும் ஏறுவார்கள். 1871-ல் தொடங்கிய அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிற ஊர் அது. அடுத்த தடவை அங்கே நின்றால் பழக்கடையோடு மேலே ஏறுகிற லாரிகளையும் பாருங்க. சிமெண்ட், கம்பி, மணல், ஜல்லி. மலையில் ஒரு வீடு எழும்ப, சமவெளியின் ஆறும் பாறையும் டீசல் குடித்துக்கொண்டு மேலே போகின்றன.

அதே ரோட்டின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. அதை யாரும் கட்டுமானப் பொருளாகப் பார்ப்பதில்லை.

உரக்கடை வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் நாம். வெளி இடுபொருளைக் குறைத்தால்தான் கடன் குறையும் என்பது நம்மாழ்வார் ஐயா நமக்குச் சொல்லித் தந்த பாடம். ஆனால் ஒரு மாட்டுக் கொட்டகை போட நினைத்தால், கால் தானாக சிமெண்ட் கடைக்குத்தானே போகிறது? பத்து வருஷம் நிலத்தில் மிச்சம் பிடித்ததை ஒரே கட்டடத்தில் தொலைத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

சிமெண்டும் சுண்ணாம்பும்

சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லை சுமார் 1,450 டிகிரி வரை சூடாக்க வேண்டும். எரிபொருளின் புகை ஒரு பக்கம், கல்லுக்குள் இருந்தே வெளியேறும் கரியமில வாயு இன்னொரு பக்கம். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டால் வருவது. சுண்ணாம்பு சுட 900 டிகிரி போதும். பூசிய சுண்ணாம்பு இறுகும்போது, விட்ட வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

இடிக்கும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும். கான்கிரீட் இடிந்தால் பெரும்பாலும் குழி நிரப்பத்தான் ஆகும். மண்சுவர் இடிந்தால் தண்ணீர் ஊற்றி மிதித்து அதே மண்ணில் மறுபடி சுவர் வைக்கலாம். வைக்காவிட்டால் அது நிலத்தோடு நிலமாகிவிடும். மட்கை நிலத்துக்கே திருப்பித் தருகிற அதே சுழற்சிதான் இதுவும்.

களையே கட்டுமானப் பொருள்

லாண்டனா என்று வனத்துறை சொல்லும் உண்ணிச்செடி, 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பூவின் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அது மண்டிய இடத்தில் புல் வராது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். அந்தக் குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்தால் பிரம்பு மாதிரி வளையும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் இதில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதே குச்சியில் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

நமக்கு இது மண்சுவருக்கு வரிச்சியாக உதவும். பாக்குமரம் இருக்கிறவர்கள் பட்டுப்போன மரத்தைப் பிளந்தும் வரிச்சி எடுக்கலாம். தூணுக்கு மூங்கில். 2017-ல் வனச்சட்டத்தைத் திருத்தியபின், காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் சட்டப்படி மரமாகக் கருதப்படுவதில்லை.

செய்முறை இதுதான்:

• உண்ணியைக் காய் பழுக்கும் முன்பே எடுங்க. தரைக்கு மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று அங்குலம் கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட்டுவிட வேண்டும். காலியான இடத்தில் உடனே கொள்ளோ புல்லோ விதைங்க.

• மண்ணைச் சோதிக்க, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வைங்க. மணல் அடியிலும் களி மேலேயும் தங்கும். களி அதிகமென்றால் சுவர் வெடிக்கும், மணல் சேர்க்கணும்.

• கல் கடைக்காலை ஒன்றரை அடியாவது தரைக்கு மேலே எழுப்பணும். வரிச்சியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, வைக்கோலும் சாணமும் சேர்த்து ஊறிய மண்ணை இரண்டு பக்கமும் அப்பணும்.

• வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கணும். கூரை சுவரைத் தாண்டி மூன்று அடி நீள வேண்டும். காலும் தலையும் நனையாவிட்டால் மண்சுவர் நிற்கும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இதற்குப் பணம் குறைவு, ஆள்வேலை அதிகம். மழைக்காலம் முடிந்ததும் பூச்சைப் பார்த்துச் சரி செய்யணும். பர்லியார் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். ஜனவரியில் தொடங்கி கோடைமழைக்கு முன் சுவர் காய்ந்துவிட வேண்டும். மண் வேண்டும் என்று சரிவைச் சீவாதீங்க. 2009 நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனதை மறக்க முடியுமா? உண்ணியை உங்கள் பட்டா நிலத்திலும் வேலியிலும் எடுங்க. காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். மலையில் கட்டடம் கட்டவும் தனி விதிகள் உண்டு, ஊராட்சியில் கேட்டுவிட்டுத் தொடங்குங்க.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இருளரும் குறும்பரும் மூங்கிலும் மண்ணும் வைத்து இந்தச் சரிவுகளில் வீடு கட்டியவர்கள். இப்போது 'பக்கா வீடு' என்றாலே கான்கிரீட் என்று ஆகிவிட்டது. நல்ல வீடு கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் மூங்கில் பிளக்கத் தெரிந்த கைகள் ஓய்ந்துவிட்டால் அந்த அறிவைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் கிடையாது. நாம் கட்டும்போது அவர்களை ஆசானாக அழைத்து, உரிய கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளலாம்.

முதலிலேயே வீட்டில் கைவைக்க வேண்டாம். வருகிற தை மாதம் ஒரு விதை அறையோ ஆட்டுக் கொட்டகையோ போட்டுப் பாருங்க. ஒரு மழைக்காலத்தை அது தாங்கட்டும். வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.