துருவேறிய வண்டியும் ஆர்சி புத்தகத்தில் நிற்கும் பேரும்

நெய்வேலி நகரியத்தின் எந்த வட்டத்துக்குப் போனாலும், குவார்ட்டர்ஸ் தோட்டத்துப் பலா மரத்தடியில் ஏதாவது ஒரு பழைய வண்டி நிற்கும். பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் 50, சில வீடுகளில் மாருதி 800. ஷிஃப்ட்டுக்கு ஓடிய வண்டி, பிள்ளைகளைப் பள்ளிக்குச் சுமந்த வண்டி. பணி ஓய்வு வந்து வீட்டைக் காலி செய்யும்போது பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிவிடும். வண்டிதான் முடிவு தெரியாமல் நிற்கும். ஓடுகிறவரைக்கும் யாருக்காவது விற்றுவிடலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

இது நெய்வேலிக்குப் பழகிய கேள்விதான். சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய முதலாவது அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. 50 மெகாவாட் அலகுகள் ஆறு, 100 மெகாவாட் அலகுகள் மூன்று என 600 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. ஆயுள் முடிந்த பின்னும் பழுது பார்த்து, பாகம் மாற்றி ஓட்டினார்கள். 2020-ல்தான் அது முழுதாக ஓய்வு பெற்றது. ஒரு எந்திரத்தை எதுவரை சீர்படுத்தலாம், எப்போது கைவிட வேண்டும் என்பதை இந்த ஊர்த் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மின் நிலையத்தை நடத்திய பொதுத்துறை நிறுவனத்தின் சாலை வாகனங்களுக்கு இப்போது அந்தக் கேள்வியே கிடையாது. மத்திய, மாநில அரசுகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சொந்தமான வாகனங்கள் 15 ஆண்டைத் தாண்டினால் பதிவு புதுப்பிக்கப்படாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்துவிட்டது. பாதுகாப்பு, சட்டம் ஒழுங்குப் பணிகளுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு.

தனியார் வண்டிக்கு இப்படி ஒரு விதி தமிழ்நாட்டில் இல்லை. பழைய வண்டிகளுக்கு டெல்லியில் விதித்த தடை பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, 15 வருஷமானால் வண்டி செல்லாது என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். அதைச் சொல்லிப் பயமுறுத்தியே அடிமாட்டு விலைக்கு வண்டியைக் கேட்கும் தரகர்களும் உண்டு. தகுதியுள்ள வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சான்றிதழ் (எஃப்சி) காட்டிப் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம். ஆனால் செலவு ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இருசக்கர வாகனத்துக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. காருக்கு 600-லிருந்து 5,000. இருபது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அதையும் இரட்டிப்பாக்கி 2,000, 10,000 என்று நிர்ணயித்தார்கள். பசுமை வரி தனி.

அதனால் பணம் கட்டும் முன் துருவைப் பார்க்க வேண்டும். எவ்வளவு துரு என்பதைவிட எந்த இடத்தில் துரு என்பதுதான் முக்கியம். மோட்டார் சைக்கிளில் குழாய்ச் சட்டம் தனியாக இருக்கும். மட்கார்டு ஓட்டையானால் வேறு மாட்டிக்கொள்ளலாம். சேத்தக் அப்படி இல்லை. அதன் தகட்டு உடம்பேதான் சேஸ். கால் வைக்கும் ஃப்ளோர் போர்டில் ரப்பர் மேட்டுக்கு அடியில் ஈரமும் புழுதியும் தங்கித் தகடு அரித்துப்போனால், போனது அழகல்ல, வண்டியின் முதுகெலும்பு. மாருதி 800-க்கும் இதே கதைதான். கதவின் கீழ் விளிம்பு, பின் சக்கர வளைவு, தரைத்தகடு, முன் சஸ்பென்ஷன் மேலே பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. மொத்தென்று அமுங்கினால் மேலே இருப்பது பெயின்ட்டும் பட்டியும் மட்டும்தான்.

நிலக்கரிப் புழுதியும் சாம்பலும் படிகிற ஊர் இது. தூசி படிந்த இடத்தில் பனியும் மழைநீரும் சீக்கிரம் காயாது. கவர் போட்டு மூடினால் போதும் என்று நினைக்கிறோம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் தார்ப்பாயை மண் தரைமேல் நிற்கும் வண்டிக்குப் போர்த்தினால், ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டு துருவுக்குத் துணைபோகும். சிமென்ட் தரையும் காற்றோட்டமான கூரையும் இருந்தால் அதே வண்டி இன்னும் பல வருஷம் நிற்கும்.

தகடு உறுதியாக இருந்தால் விற்பதே நல்லது என்பது என் கருத்து. ஓடக்கூடிய ஒரு வண்டியை உடைப்பது வீண். பழைய சேத்தக், யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிடும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். பதிவாகி 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் வாகனமாகவும் பதியலாம். ஆனால் அதைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது.

விற்பதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது காகிதத்தில்தான். தெரிந்த பையன், நம்ம வட்டத்துக்காரர் என்று சாவியையும் ஆர்சி புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்தை அவர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விபத்தில் சிக்கிய வாகனம் பல கை மாறியிருந்தது; பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளர் பெயரே இருந்தது. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவருக்கே என்று தீர்ப்பாயிற்று. விற்றதற்கு ஆதாரம் காட்டினாலும் தப்ப முடியாது. எனவே 29, 30 ஆகிய படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறிய ஆர்சியின் நகலைக் கண்ணால் பார்க்கும்வரை விற்பனை முடிந்ததாக எண்ணக் கூடாது.

காயலான் கடைக்குப் போடுவதில் ஆபத்து இன்னும் கூடுதல். அந்தக் கடைகளை நான் குறை சொல்லவில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள் இல்லையென்றால் தமிழ்நாட்டில் எத்தனையோ பழைய வண்டிகள் பாகம் கிடைக்காமல் நின்றுபோயிருக்கும். ஆனால் எடைக்குப் போன வண்டி உடைபட்டதா, நம்பர் பிளேட்டோடு வேறொரு சேஸில் ஓடுகிறதா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆயிலும் பேட்டரி அமிலமும் எந்த மண்ணில் ஊற்றப்பட்டன என்பதும் தெரியாது. ஒரு சேத்தக்கின் மொத்த எடையே நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும். அந்த இரும்பு விலைக்காக நம் பெயரை ஊர் பேர் தெரியாத கையில் கொடுக்கலாமா?

வண்டி உபயோகத்துக்கு லாயக்கில்லாமல் போனால் அதையும் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. 2021 செப்டம்பர் விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் வண்டியை விட்டால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். உடைத்து முடித்த பின், சேஸ் நம்பர் பொறித்த தகட்டை வெட்டியெடுத்து ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநில அரசு சலுகை தரவும் வழி உண்டு. மையம் தூரத்தில் இருந்தால் ஏற்றிச் செல்லும் கூலியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது, உரிமையாளர் காலமாகிவிட்ட வண்டி. கணவர் பெயரில் உள்ள ஸ்கூட்டரை மனைவியால் அப்படியே விற்கவும் முடியாது, உடைக்கக் கொடுக்கவும் முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு 31-வது படிவம் கொடுத்து மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான், உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே ஆர்சியில் நாமினி பெயர் சேர்க்க 2021-ல் வழி செய்தார்கள். வங்கிக் கணக்குக்கும் பிஎஃப்புக்கும் நாமினி எழுதிவைக்கும் நாம், வண்டிக்கும் எழுதிவைக்கலாம். ஓய்வுக்கு முந்தைய மாதங்களில் குவார்ட்டர்ஸ் ஒப்படைப்புக்கான காகிதங்களோடு இந்த ஒரு வேலையையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.